வீட்டு எலக்ட்ரானிக்ஸ் மேசைக்கு முதலில் எதை வாங்குவது?

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, முதலில் ஆஸிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். முதலில் நல்ல சால்டரிங் ஸ்டேஷன், அதாவது சூட்டை அளவாக வைத்துக்கொள்ளும் பற்றவைப்புக் கருவி, வாங்குங்கள். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத மலிவு சால்டரிங் அயர்ன் அளவுக்கு மீறிச் சூடேறிவிடும். முனை கறுத்து, ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும், போர்டின் செம்புத் தடமே பெயர்ந்து வரும். ஸ்டேஷனை 350 டிகிரி அளவில் வையுங்கள். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியிலேயே உருகும்; மீதிச் சூடு கம்பியையும் செம்பையும் சூடாக்கத்தான். ஈயம் இரண்டின் மேலும் பளபளவென்று சரிந்து படிந்தால் இணைப்பு பிடித்துவிட்டது.

அடுத்து மல்டிமீட்டர், அதாவது வோல்ட், ஆம்பியர் அளக்கும் மீட்டர். அதில் உள்ளே இருக்கும் ஃபியூஸ் எனக்கு மிக முக்கியம். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். மீட்டரின் ஒயரைத் தவறுதலாக ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு பிளக் பாயிண்டில் குத்தினால் அந்த ஃபியூஸ்தான் உங்களைக் காப்பாற்றும். 'கேட் 3, 600 வோல்ட்' (CAT III 600V) என்ற பாதுகாப்புக் குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போக முடிந்தால் கட்டரையும் ட்வீசரையும் கையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

கூடவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரீஸ் லேம்ப்பாக, அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே கருவிக்குப் போகும்படி, ஹோல்டரில் மாட்டி வையுங்கள். பழுதான பவர் சப்ளையை அதன் வழியாக ஆன் செய்து, பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.