டூர்னமென்டில் சிப்ஸை எப்படி எண்ணுவது?

கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மூன்று வருசமாக சனிக்கிழமை இரவில் கூட்டாளிமாரோடு போக்கர் கேஷ் கேம் ஆடுகிறேன், பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. டூர்னமென்டுக்கு மாறலாம் என்று இரண்டு ஆடிப் பார்த்தேன். நல்ல கைக்காகக் காத்திருந்தே சிப்ஸ் கரைந்து போய்விட்டது. எங்கே பிழை?"

தம்பி, கேஷ் மேசையில், அதாவது சிப்ஸ் அப்படியே காசாகும் ஆட்டத்தில், அந்தப் பொறுமைதான் உங்களைக் காப்பாற்றியது. அங்கே பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) ஏறாது, தோற்றால் திரும்ப வாங்கலாம், அலுத்தால் எழும்பிப் போகலாம். டூர்னமென்டில் பிளைண்ட் ஏறிக்கொண்டே இருக்கும். 2,000 சிப்ஸ் வைத்திருக்கிறீர்கள், பிளைண்ட் 100/200 (சின்னது 100, பெரியதான பிக் பிளைண்ட் 200), பிக் பிளைண்ட்காரர் 200 ஆன்டியும், அதாவது மேலதிகக் கட்டாயப் பந்தயமும், போடுகிறார் என்று வையுங்கள். ஒரு சுற்று சும்மா இருந்தாலே 500 போய்விடும், அதாவது நாலு சுற்றில் கதை முடிந்தது. அதனால் சிப்ஸை அப்படியே எண்ணாமல், எத்தனை பிக் பிளைண்ட் இருக்கிறது என்று எண்ணிப் பழகுங்கள். இங்கே இருப்பது 10. இந்த அளவுக்கு இறங்கிவிட்டால் சின்ன ரெய்ஸ் போட்டு (பந்தயத்தை ஏற்றி) பிறகு ஃபோல்ட் செய்வது (கையை விட்டுவிடுவது) வீண் செலவு. சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் டீலர் பட்டனுக்குக் கிட்ட இருந்து, முன்னால் எல்லோரும் ஃபோல்ட் செய்திருந்தால், ஓரளவு கைக்கே ஓல் இன் போகலாம், அதாவது இருப்பதையெல்லாம் வைக்கலாம். எல்லோரும் விட்டுவிட்டால் 500 உங்களுக்கு, சிப்ஸ் கால்வாசி கூடிவிட்டது. அடுத்தவர் ஓல் இன் போனதற்குக் கால் செய்வது (ஈடாக வைப்பது) வேறு விசயம், அதற்கு இன்னும் நல்ல கை வேண்டும், ஏனென்றால் அங்கே அவர் பயந்து விடுவார் என்ற வாய்ப்பு உங்களுக்கு இல்லை.

கேஷ் ஆட்கள் அதிகம் சறுக்குவது அடுத்த இடத்தில். நம் 304 சீட்டாட்டத்தில் ஜாக் என்றால் 30, ஒன்பது என்றால் 20, கடைசி வரை அதே மதிப்புத்தான். டூர்னமென்ட் சிப்ஸ் அப்படி இல்லை. மூன்று பேர் மிச்சம், பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய். உங்களிடம் 5,000 சிப்ஸ், மற்ற இருவரிடம் 3,000, 2,000. பாதிச் சிப்ஸ் உங்களுடையது, ஆனால் சிப்ஸைப் பரிசுக் காசாக மாற்றிப் பார்க்கும் ஐசிஎம் என்ற கணக்கின்படி அதன் பெறுமதி ஏறத்தாழ 3,840 ரூபாய்தான். 2,000 சிப்ஸ்காரருக்கோ கிட்டத்தட்ட 2,890 வரும்! மேசையில் உள்ள சிப்ஸ் முழுவதையும் அள்ளினாலும் உங்களுக்குக் கிடைப்பது முதல் பரிசு மட்டும்தானே. ஆகவே ஒரு சிப் கூடும்போது வரும் லாபத்தைவிட ஒரு சிப் குறையும்போது வரும் நட்டம் பெரிது. பரிசுக்கு இன்னும் ஓரிருவர் வெளியேற வேண்டிய நேரத்தில் ஐம்பதுக்கு ஐம்பது கையில் எல்லாவற்றையும் வைப்பது, கேஷில் சரி, இங்கே மடைத்தனம்.

காசு விசயத்தில் நேராகச் சொல்கிறேன். பெரும்பாலும் நூறு பேரில் 10, 15 பேருக்குத்தான் பரிசு, நன்றாக ஆடினாலும் தொடர்ந்து பல தடவை வெறுங்கையோடு வருவீர்கள். கேஷுக்கு 25, 30 பை-இன் (ஒரு தடவை ஆடச் சேரக் கட்டும் காசு) ஒதுக்கியவர் இதற்குக் குறைந்தது நூறு ஒதுக்க வேண்டும், அது முடியாது என்றால் பை-இன்னைச் சின்னதாக்குங்கள், வீட்டுக்காசில் கை வைக்க வேண்டாம். ஒன்லைனில் ஆட நினைத்தால் இன்னொன்று: ஐரோப்பாவில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் டூர்னமென்ட் நமக்கு நடுச்சாமம், மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு அது சரிவராது.

அடுத்த சனிக்கிழமை அதே கூட்டாளிமாரோடு, காசு இல்லாமல், ஆளுக்கு 5,000 சிப்ஸ் கொடுத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்துப் பிளைண்டை ஏற்றி ஆடிப் பாருங்கள். முதலில் வெளியேறுகிறவருக்குப் பிளேன்டீ போடும் வேலை.