பழைய பத்திரிகைகள், பைண்டு தொகுப்புகள்: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): பாட்டி வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருக்கிறார். அட்டையும் இல்லை, தேதியும் இல்லை. எந்த வருடம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: கதையை அப்புறம் படியுங்கள், முதலில் தாளின் மறுபக்கத்து விளம்பரங்களைப் பாருங்கள். சோப்பு, ஸ்னோ, தலைவலித் தைலம் என்று எதற்காவது விலை போட்டிருப்பார்கள். அணாவில் மட்டும் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘4 அணா (25 ந.பை.)’ என்று அணாவும் நயா பைசாவும் சேர்ந்திருந்தால் நாணயம் மாறிய அந்தச் சமயத்தை ஒட்டியது. ந.பை. மட்டும் என்றால் பெரும்பாலும் 1964-க்குள். அந்த ஜூனில்தான் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. விலாசத்தில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘ணை’ எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள். எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-இல் வந்தாலும் எல்லா அச்சகமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை.

கேள்வி (மதுரை): அதே தொகுப்பில் தையல் விட்டுப்போயிருக்கிறது. மறுபடி பைண்டு போடலாமா?

பதில்: முதலில் எழுத்தில்லாத ஒரு மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இரண்டு மடிப்பில் ஒடிந்தால் அந்தத் தாள் தையலைத் தாங்காது. தட்டையான அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து விடுவதே நல்லது.

தாங்கும் என்றால், பைண்டரிடம் ஓரம் வெட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் சீவிவிடுவது வழக்கம். ஒருமுறை சீவிய தொகுப்பில் இன்னும் மூன்று மில்லிமீட்டர் போனால் ஓவியரின் கையெழுத்தும் பக்க எண்ணும் சேர்ந்து போகும். துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே மடங்கியிருக்கும் இரண்டு காலையும் நிமிர்த்திவிட்டுப் பின்பக்கமாக எடுக்க வேண்டும். ஒற்றைத் தாள்களை அடுக்கிப் பக்கவாட்டில் துளைபோட்டுத் தைத்தால் உள் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் காணாமல் போகும், விரிக்கும்போது தையலோரமாகவே தாள் முறியும். அதனால் ஒவ்வொரு தாளின் உள் ஓரத்திலும் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில் தைக்கச் சொல்லுங்கள். கூலி கூடும். செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். ஃபெவிகால் போட்டால் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது.

கேள்வி (கடலூர்): வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் மழையில் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைக்கலாமா?

பதில்: கூடாது. வழவழப்பான தாளின் மேல் களிமண் பூச்சு உண்டு. நனைந்தால் அது இளகி, காயும்போது அடுத்த பக்கத்தோடு ஒட்டி மொத்தமும் பலகையாகிவிடும். ஈரம் இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால் மீதியை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, இளகியதும் பிரிக்கலாம். செய்தித்தாளை இடையில் வைக்காதீர்கள், அதன் மை படத்தில் ஏறும்.

கேள்வி (திருச்சி): அட்டைப் படங்களை லேமினேட் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் எடுக்க வழியில்லை. செலோ டேப்பும் அப்படித்தான். நாளானால் பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும்.

கேள்வி (கும்பகோணம்): 1950-களின் சமையல் புத்தகத்தில் பலம், சேர், ஆழாக்கு என்றெல்லாம் இருக்கிறது. இன்றைய கணக்கு என்ன?

பதில்: ஒரு ரூபாய் எடை, அதாவது பழைய வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடை, 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், அதாவது 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர் (280 கிராம்), ஐந்து சேர் ஒரு வீசை (1.4 கிலோ). வடநாட்டுச் சேர் 80 ரூபாய் எடை, கிட்டத்தட்ட 933 கிராம். வடநாட்டுக் குறிப்பிலிருந்து எடுத்த இனிப்பு சொதப்புவதற்கு இது ஒரு காரணம். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று. படி ஊருக்கு ஊர் மாறும், ஆகவே 170 முதல் 200 மில்லி வரை வரும். குறிப்பு முழுக்க ஆழாக்கிலேயே இருந்தால் கவலையில்லை, ஒரே கப்பால் அளந்தால் விகிதம் சரியாக இருக்கும். மாவு ஆழாக்கிலும் நெய் பலத்திலும் சொல்லியிருந்தால்தான் தராசு வேண்டும்.

கேள்வி (சென்னை): வீட்டில் இடமில்லை. யாரிடம் கொடுக்கலாம்?

பதில்: தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் அதன் அடித்தளம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் பத்திரிகைப் பெயர், ஆண்டு, இதழ் எண் போட்டு ஒரு பட்டியல் அனுப்புங்கள். அட்டையும் விளம்பரமும் கிழியாத முழு இதழ்களைப் பட்டியலில் தனியாகக் குறியுங்கள்.