ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லையே?

கேள்வி: என் வயது 56. ஏழு மாதங்களுக்கு முன் என் கணவர் மாரடைப்பில் காலமானார். அதன்பின் எனக்கு நெஞ்சில் இறுக்கம், தோளிலும் முதுகிலும் வலி, அவ்வப்போது விரல்களில் மதமதப்பு. ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். சலுகை விலையில் முழு உடல் பரிசோதனையும் ஆஞ்சியோகிராமும் ஏற்பாடு செய்து தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்ல, மகன் வற்புறுத்துகிறான். தூக்கத்துக்காக மருந்துக் கடையில் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். இல்லாத வலியை நானே உண்டாக்கிக்கொள்கிறேனா?
- வாசகி, சேலம்

பதில்: இல்லை, அம்மா. உங்கள் வலி உண்மையான வலிதான். "ஒன்றுமில்லை" என்று சொன்ன மருத்துவர் சொல்லியிருக்க வேண்டியது, "இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை" என்பதை மட்டுமே. நீண்ட வரிசையில் காத்திருந்து ஐந்து நிமிடம் பார்க்கப்படும் நோயாளிக்கு இந்த வித்தியாசத்தை விளக்க நம் மருத்துவமனைகளில் யாருக்கும் நேரமில்லை. விளக்கத்துக்குக் கட்டணமும் இல்லை.

துக்கம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரிழப்பை மூளை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்க, விலா எலும்புகளுக்கு இடையிலும் தோளிலும் உள்ள தசைகள் மாதக்கணக்கில் தளராமல் விறைத்தே இருக்கின்றன. நீங்கள் சொல்லும் இறுக்கத்தின் பெரும்பங்கு அங்கிருந்து வருவதாக இருக்கலாம். பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் விரல்கள் மதமதக்கின்றன. இதற்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர் வைத்து வாரம் ஒரு சத்து ஊசி போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, அவர்களிடம் போகாதீர்கள். இவற்றோடு தூக்கமும் கெட்டால் வலியைத் தாங்கும் திறன் குறைந்து, முன்பு கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய சிறு வலியும் பெரிதாக உறைக்கும்.

வலி ஆய்வுக்கான உலகச் சங்கம் 1979-இல் தந்த வரையறையிலேயே, வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றுதான் இருக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கணினிப் பந்து விளையாட்டில் வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, உடல் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய பகுதி ஒன்று கூடுதலாக இயங்கியது. அதற்காக இரண்டு வலியும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. பின்னால் வந்த ஆய்வுகள் வேறுபாடுகளையும் காட்டியுள்ளன. உங்களை 'நடிக்கிறவர்' என்று யாரும் சொல்ல அறிவியலில் இடமில்லை என்பதே இங்கே செய்தி.

ஆனால் 'மனசுதான்' என்ற முடிவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த 'டாகோட்சுபோ' என்ற இதயநோய் அது. கடும் அதிர்ச்சிக்குப் பின் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இதயத்தின் இடது கீழறை திடீரெனச் சோர்ந்து, பெரும்பாலும் அதன் நுனி பலூன்போல உப்பிவிடும். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு போன்ற மாற்றம் தெரியும், இதயத் தசை பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கலக்கும் 'டிரோபோனின்' என்ற புரதமும் உயரும். ஆஞ்சியோகிராம் செய்தால், அந்தப் பாதிப்பை விளக்கும் அடைப்பு இருக்காது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். பலருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பினாலும், முதல் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து நேரலாம். துக்கத்தில்தான் வரும் என்றும் இல்லை. அளவுகடந்த மகிழ்ச்சிக்குப் பின் வந்தவர்களும் உண்டு. உங்களுக்கு எக்கோவும் ஈ.சி.ஜி.யும் இயல்பாக இருப்பதாலும், வலி மாதக்கணக்கில் ஒரே மாதிரி தொடர்வதாலும் இது அந்த நோய் போலத் தெரியவில்லை. என்றாலும் நாளை புதிதாக, திடீரென நெஞ்சு வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, பழைய ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் படுத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் ஈ.சி.ஜி.யும் டிரோபோனினும் பார்க்காமல் 'மனசு' என்று சொல்லும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இனி அந்தத் 'தெரிந்தவர்'. பரிசோதனைக்கு ஆள் அனுப்பினால் கமிஷன் தரும் வழக்கம் ஊரறிந்தது. மருத்துவர்கள் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. இடைத்தரகர்களை யார் தடுக்கிறார்கள்? முழு உடல் பரிசோதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தப் பரிசோதனைகளில் 'நார்மல்' எல்லை பொதுவாக, நலமாக இருக்கும் 100 பேரில் 5 பேர் அதற்கு வெளியே விழும்படி வகுக்கப்படுகிறது. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒருசேரச் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதேனும் ஒன்று பிசகாக வரும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். அந்த ஒரு சிவப்பு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். ஆஞ்சியோகிராம் ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்திச் செய்வது. அதைச் சலுகை விலைக்காகச் செய்துகொள்ளக் கூடாது. இதயநோய் மருத்துவர் உங்களை நேரில் பார்த்து, காரணம் சொல்லி எழுதினால் மட்டும் செய்யுங்கள். மகனின் பயம் எனக்குப் புரிகிறது. அப்பாவை இழந்தவர், அம்மாவுக்கும் அதே நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். அந்தப் பயத்தைத்தான் தரகர் விலை பேசுகிறார்.

துணையை இழந்தவர்களின் உடல்நலத்தை அலட்சியப்படுத்தவும் முடியாது. 55 வயதைத் தாண்டிய 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மனைவி இறந்த முதல் ஆறு மாதத்தில் அவர்களின் இறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. அதில் இதயநோய்க்குப் பெரும்பங்கு. ஆகவே ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் ஒருநாளும் விடாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. உங்கள் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே பேசுங்கள். 'கவுன்சலர்' என்று பலகை மாட்டியிருப்பவரிடம் போவதானால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவர் மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதினால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பத்தே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சைக்குத் தருவதில்லை. இந்தக் கேலிக்கூத்தை யாரும் சரிசெய்வதாகத் தெரியவில்லை.

கடைசியாக அல்பிரசோலம். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் மூன்று மாதம் சாப்பிட்டதை இதைப் படித்தவுடன் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும் கூடும், சிலருக்கு வலிப்பே வரும். மாத்திரை அட்டையை மனநல மருத்துவரிடம் காட்டி, எத்தனை நாளாக எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைக்க அவர் அட்டவணை எழுதித் தருவார்.