கண் பிரஷருக்கு லேசர்: கேட்டவர்களுக்குப் பதில்

கண் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உவர்மலை: அம்மாவுக்குப் பிரஷர் 26. லேசர் அடிக்கச் சொன்னார்கள். வெட்டுவார்களா அக்கா?

வெட்டும் இல்லை, தையலும் இல்லை தங்கச்சி. கண்ணுக்குள் ஊறும் நீர், கருவிழி ஓரத்தில் சல்லடை மாதிரி இருக்கும் வடிகாலால் வெளியேறும். அது மந்தமானால் பிரஷர் ஏறும். அம்மாவுக்குச் சொன்ன, எஸ்எல்டி என்னும் லேசர் அந்த வடிகாலைத் தூண்டிவிடுகிறது, ஓட்டை போடுவதில்லை. விறைக்க மருந்து விட்டு, கண்ணில் ஒரு கண்ணாடி வில்லையை வைப்பார்கள். நாடியைத் தாங்கியில் ஊன்றிக்கொண்டு ஆடாமல் இருந்தால் போதும். வட்டமாக நூறு லேசர் அடி அளவில் விழும், ஒவ்வொன்றும் 3 நனோசெக்கன். பச்சையாகப் பளிச்சிடும். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அடித்த கையோடு பிரஷர் ஏறவும் கூடும். மறுபடி அளக்காமல் பஸ் ஏறாதீர்கள். பலன் தெரிய நாலைந்து கிழமையாகும். 20 முதல் 30 வீதம் இறங்கினால் அம்மாவுக்கு 20 அளவில் நிற்கும்.

கிண்ணியா: லேசர் அடித்தாயிற்று. பிரஷருக்கு விடும் துளி மருந்தை நிறுத்தலாமா?

டொக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

நிலாவெளி: வாப்பாவுக்குப் போன பார்வை திரும்புமா?

திரும்பாது தம்பி. பிரஷரால் செத்த கண் நரம்பு செத்ததுதான். மிச்சத்தைக் காக்கத்தான் இவ்வளவும்.

தம்பலகாமம்: துளி சரிவராவிட்டால்தானே லேசர்? எடுத்தவுடன் லேசர் என்பது காசு பிடுங்கும் வேலை.

அது பழைய கதை ஐயா. பிரிட்டனில் துளிக்கு முன்பே லேசரை அடித்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. மூன்று வருஷத்தின் பின்னும் 74 வீதமானோர் துளியே இல்லாமல் இருந்தார்கள். துளியிலும் தொல்லை உண்டு. ஆஸ்துமாக்காரருக்கு டிமோலோல் என்ற துளி ஆகாது.

மறுபடி தம்பலகாமம்: வெள்ளைக்காரன் கண்ணும் எங்கள் கண்ணும் ஒன்றா?

இது நல்ல கேள்வி! ஆசியாக்காரரிடம், வடிகால் இருக்கும் மூலை, அதாவது கோணம், ஒடுங்கி மூடும் பிரஷர் வகை கூடுதல். அதற்கு இந்த லேசர் சரிவராது, கருவிழித் திரையில் சிறு துளை போடும் வேறு லேசர் இருக்கிறது. ஆகவே 'கோணத்தைப் பார்த்தீர்களா டொக்டர்?' என்று கேளுங்கள். இன்னொன்று, எஸ்எல்டி ஆயுளுக்கும் நிற்காது. சில வருஷத்தில் பலன் தேய்ந்தால் திரும்ப அடிக்கலாம்.

மூதூர்: லேசருக்குப் பிறகு துளி தேவையா?

கிண்ணியாவுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

சாம்பல்தீவு: கண் சிவந்தால் பாமசியில் வாங்கிய ஸ்டீரோயிட் துளி விடுகிறேன். கண் பிரஷரும் இருக்கிறது.

ஐயோ, அந்தத் துளியே பிரஷரை ஏற்றும்! போத்தலையும் கொண்டு நாளைக்கே கிளினிக் போங்கள்.