குடும்பமாக நடத்தும் ஒரு சிறு உணவகம் மூடப்பட்டால் ஊருக்கு உண்மையில் என்ன இழப்பு?

நீங்கள் பல ஆண்டுகள் சாப்பிட்ட ஓர் உணவகம் அண்மையில் மூடப்பட்டிருக்க வேண்டும். "அதனால் என்ன, அடுத்த மாதம் வேறொரு கடை வரும்" என்று யாரோ சொன்னது உங்களை உறுத்தியிருக்க வேண்டும். அப்படி எண்ணிக்கொண்டே பதில் எழுதுகிறேன். என் தந்தை 31 ஆண்டுகளும் அவருக்குப் பிறகு நான் 6 ஆண்டுகளும் நடத்திய உணவகத்தை இழுத்து மூடியவன் நான். ஆகவே இப்பதிலில் சற்றுக் கசப்பு இருக்கும்.

எங்கள் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகையும் அதில் இரண்டு வரிசை ஆணிகளும் இருந்தன. அக்கம்பக்கத்தார் வெளியே போகும்போது வீட்டுச் சாவியை அங்கே மாட்டிவிட்டுப் போவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை, இரவுப் பணி முடிந்து வருபவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் உறவினர் என யாரிடம் எந்தச் சாவியைக் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவுக்கு அத்துப்படி. எந்தச் சாவியிலும் பெயர் எழுதியிருக்காது. எழுதி வைத்தால் திருடனுக்கும் படிக்கத் தெரியும் என்பார். ஒருமுறை, மனைவியைப் பிரிந்து போயிருந்த ஒருவர் வந்து தம் வீட்டுச் சாவியைக் கேட்டார். அப்பா முகம் மாறாமல், "முதலில் சாப்பிடுங்கள்" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, சமையல்கட்டின் பின்வாசல் வழியாக என்னை அந்த அம்மாள் வேலை பார்க்கும் இடத்துக்கு ஓடச் சொன்னார். அந்த அம்மாள் சம்மதம் சொல்லி நான் திரும்பி வந்த பிறகுதான் சாவி ஆணியிலிருந்து இறங்கியது. சாப்பிட்டதற்கு அப்பா காசு வாங்கவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க், வீடும் பணியிடமும் போக மனிதர்கள் கூடிப் பேசும் இத்தகைய இடங்களை 'மூன்றாம் இடம்' என்று குறிப்பிட்டு 1989-இல் ஒரு நூலே எழுதினார். வாடிக்கையாக வருபவர்களே அந்த இடத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்பது அவர் கருத்து. எங்கள் அனுபவமும் அதுதான். ஆனால் ஊருக்கு மூன்றாம் இடமாக இருப்பது, அதை நடத்தும் குடும்பத்துக்கு வீடு என்ற முதல் இடத்தையும் பணியிடம் என்ற இரண்டாம் இடத்தையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. நான் வீட்டுப்பாடம் எழுதியது கடைசி மேசையில். அம்மா காய்ச்சலோடு படுத்துக் கிடந்தது சரக்கு அறையில், மூட்டைகளுக்கு நடுவே.

"சாப்பாடு சரியில்லை, அதனால்தான் மூடினீர்கள்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகர உணவகங்களைப் பற்றி பார்சாவும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 26 விழுக்காடும், மூன்று ஆண்டுகளுக்குள் சுமார் 60 விழுக்காடும் கைவிட்டுப் போயின. தோல்விக்குக் காரணம் தேடிய அவர்கள், குடும்ப வாழ்க்கையின் நெருக்கடிகள் அதுவரை எண்ணியதைவிடப் பெரிய காரணம் என்று கண்டார்கள். எங்கள் கதையும் அதுவே. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான் கல்லாவுக்கும் மருத்துவமனைக்கும் அலைந்தேன். கட்டட உரிமையாளர் வாடகையை உயர்த்தினார். வீட்டுக்கே உணவு கொண்டு தரும் செயலிகளை நான் குறை சொல்ல வரவில்லை, நானும் அவற்றில் வாங்கிச் சாப்பிடுகிறவன்தான். ஆயினும் விற்பனையில் கால்பங்குக்கு மேல் தரகாகப் போனால், நாலு பேர் உள்ள குடும்பத்தின் உழைப்பில் நடக்கும் கடைக்கு மிஞ்சுவது பாத்திரம் கழுவிய தண்ணீர்தான்.

இதைவிட என்னைச் சுட்டது கடைசி நாள். நாலு ஆண்டுகளாக எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வரிசையில் நின்று, பெயர்ப்பலகையோடு தங்களைப் படம் எடுத்துக்கொண்டு, "உனக்கு எப்படி மனசு வந்தது?" என்று கேட்டார்கள். அதே வரிசையில், பற்று நோட்டில் இரண்டு பக்கம் நிலுவை வைத்திருந்த ஒருவரும் நின்றார். அவர்தான் அதிகமாகக் கண்கலங்கினார். எல்லாரும் அப்படியில்லை, நாள் தவறாமல் வந்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் அன்றும் எப்போதும்போல் சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே போனார்கள்.

எனவே, ஊர் இழப்பது சாப்பாட்டை என்றால் உங்களிடம் அப்படிச் சொன்னவர் சரி; அது வேறெங்கும் கிடைக்கும். புதிதாக வந்த கடையில் சாப்பாடு எங்களுடையதைவிட நன்றாகவே இருக்கிறது, நானே சாப்பிட்டுப் பார்த்தேன். அங்கே கல்லாவில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார். அவரிடம் யார் சாவி கொடுப்பார்கள்?

மூடிய வாரத்தில் பலகையில் 14 சாவிகள் இருந்தன. விசாரித்து 11 சாவிகளை உரியவர்களிடம் சேர்த்தேன். மீதி மூன்றையும் அப்பாவின் கட்டிலுக்கு எடுத்துப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பேச்சு வராததால், தலை தேய்ந்த பித்தளைச் சாவியைப் பார்த்ததும் இடக்கையை மெல்லத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே கிழக்குப் பக்கம் காட்டினார். அந்தப் பக்கத்தில் நாற்பது வீடுகளாவது இருக்கும். ஞாயிறுதோறும் நாலைந்து கதவுகளைத் தட்டிக் கேட்டு வருகிறேன்.