பாதியா குறையுதுன்னா எதுல பாதி? ஆய்வு ஆதாரம் தேடறவங்க கேட்ட சில கேள்விகள்

கேள்வி: மேடம், நர்சிங் மூணாவது வருஷம் படிக்கறேன். படுக்கைப் புண் வராம தடுக்கறது பத்தி ப்ராஜெக்ட். மருத்துவக் கட்டுரைகள தேடற பப்மெட் தளத்துல தேடினா ஆயிரக்கணக்குல வந்து கொட்டுது, எதை எடுக்கறது எதை விடறதுன்னே தெரியல.

பதில்: உங்க கிட்ட இப்போ இருக்கறது ஒரு தலைப்பு மட்டும்தாம்மா, கேள்வி இன்னும் வரல. யாருக்கு, என்ன செய்யறோம், எதோட ஒப்பிடறோம், கடைசியில எது மாறுதுன்னு பாக்கறோம், இந்த நாலையும் முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க, இதத்தான் பிகோன்னு சொல்லுவாங்க. "ஐசியுல படுத்த படுக்கையா இருக்கற பெரியவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வச்சா, நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பறத விட புண் குறைவா வருதா?" இப்படி எழுதிட்டீங்கன்னா எந்தக் கட்டுரை வேணும், எது வேண்டாம்னு பாதி அங்கயே முடிவாகிடும்.

அடுத்தது வார்த்தை. இதே புண்ணுக்கு பெட்சோர், டெக்யூபிடஸ் அல்சர், ப்ரஷர் அல்சர்னு பல பேர் இருக்கு, 2016-ல அமெரிக்க நிபுணர் குழு ப்ரஷர் இன்ஜுரின்னு மாத்திட்டாங்க, அதனால ஒரே பேர வச்சு தேடினா பழசு வந்தா புதுசு வராது, புதுசு வந்தா பழசு வராது. எல்லா பேரையும் நடுவுல 'ஆர்' போட்டு ஒரு அடைப்புக்குள்ள வைங்க, திருப்பிப் படுக்க வைக்கறதுக்கான வார்த்தைகள இன்னொரு அடைப்புக்குள்ள வைங்க, ரெண்டையும் 'அண்ட்' போட்டு சேருங்க. 'ஆர்', 'அண்ட்' ரெண்டையும் ஆங்கில பெரிய எழுத்துல அடிக்கணும். மெஷ் தலைப்புகளையும் (கட்டுரை எதப் பத்தினதுன்னு பப்மெட்ல போட்டு வைக்கற பொருள் தலைப்புகள்) சேத்துக்கோங்க, ஆனா அத மட்டும் நம்பாதீங்க, புதுசா வந்து இன்னும் மெஷ் போடாத கட்டுரை தப்பிச்சிடும். இன்னொண்ணு, நிறைய பேர் பழக்கத்துல எல்லாத்துக்கும் மேற்கோள் குறி போடுவாங்க, அத போட்டா பப்மெட் தானா இணைச் சொற்கள தேடிக் கொடுக்கற வசதி நின்னுடும். யோசிச்சு போடுங்க.

இவ்வளவும் செய்யறதுக்கு முன்னாடி ஆய்வுகள அலசித் தொகுத்து வைக்கற காக்ரேன் லைப்ரரில ஒரு எட்டு பாத்துடுங்க. இந்தக் கேள்விக்கு அங்க சிஸ்டமேட்டிக் ரிவ்யூவே (ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வையும் முறையா தேடி எடுத்து மதிப்பிடறது) இருக்கு, எத்தன மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பறது நல்லதுன்னு சொல்ற ஆதாரம் பலவீனமா இருக்குன்னுதான் அது சொல்லுது. அதப் படிச்சிட்டு "அப்போ திருப்பவே வேண்டாம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. இந்த இடைவெளிதான் சரின்னு இன்னும் நிரூபணம் ஆகலங்கறது வேற, திருப்பறதால பலன் இல்லன்னு நிரூபணம் ஆயிடுச்சுங்கறது வேற. ப்ராஜெக்ட்ல இந்த வித்தியாசத்த தெளிவா எழுதினாலே பெரிய விஷயம்.

கேள்வி: முழு கட்டுரைய திறந்தா பணம் கேக்குது. மேல இருக்கற சுருக்கம், அதான் அப்ஸ்ட்ராக்ட், அத மட்டும் படிச்சா போதுமா?

பதில்: போதாது. எத்தன பேர் பாதியில விலகினாங்க, பக்க விளைவு என்ன, முதல்ல அளக்கறோம்னு சொன்னத கடைசியில அளந்தாங்களா, இதெல்லாம் பெரும்பாலும் உள்ளதான் இருக்கும். பப்மெட் சென்ட்ரல்ல இலவச பிரதி இருக்கான்னு பாருங்க, அன்பேவால்னு ஒரு ப்ரௌசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு அதப் போட்டுக்கோங்க, ரெண்டுலயும் கிடைக்கலன்னா கட்டுரையில இருக்கற ஈமெயிலுக்கு ரெண்டு வரி எழுதுங்க, எழுதினவங்க பல பேர் சந்தோஷமா அனுப்பி வைப்பாங்க. வருமானம் குறைஞ்ச நாடுகள்ல இருக்கற நிறுவனங்களுக்கு ஹினாரிங்கற உலக சுகாதார நிறுவனத் திட்டம் வழியாவும் கிடைக்கும், உங்க லைப்ரரியன கேளுங்க.

கேள்வி: "ஆபத்து 50 சதவீதம் குறைகிறது"ன்னு ஒரு மருந்து பத்தி படிச்சேன். பெரிய விஷயம்தானே சார்... மேடம்?

பதில்: எதுல பாதின்னு கேக்காம சொல்லவே முடியாது. 1000 பேர்ல 2 பேருக்கு வர்றது 1 ஆனாலும் 50 சதவீதம், 400 பேருக்கு வர்றது 200 ஆனாலும் 50 சதவீதம். விளம்பரத்துல சதவீதம் மட்டும்தான் வரும், அதனால கட்டுரைல ரெண்டு குழுவோட நேரடி எண்ணிக்கைய தேடிப் பிடிங்க.

நிஜ உதாரணமே இருக்கு. 2020-ல பிரிட்டன்ல நடந்த ரெக்கவரிங்கற ட்ரையல்ல (நோயாளிகள குழுவா பிரிச்சு சிகிச்சைய ஒப்பிட்டுப் பாக்கற ஆய்வு) கோவிட்டுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பாத்தாங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்ச குழுவுல 28 நாள்ல 41.4 சதவீதம் பேர் இறந்தாங்க, மருந்து கிடைச்ச குழுவுல 29.3. அதாவது கிட்டத்தட்ட 8 பேருக்கு கொடுத்தா ஒரு உயிர் கூடுதலா தப்பிக்குது, விலை குறைஞ்ச ஒரு பழைய மருந்துல இது ரொம்பப் பெரிய பலன். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவங்ககிட்ட இறப்பு 26.2 சதவீதத்துல இருந்து 23.3 ஆச்சு, இங்க ஒருத்தர காப்பாத்த 30 பேருக்கு மேல கொடுக்கணும். ஆக்சிஜனே தேவைப்படாதவங்ககிட்ட லாபமே தெரியல, 14 சதவீதம் பேர் இறந்த இடத்துல மருந்து குழுவுல 17.8, இது தற்செயலாவும் இருக்கலாம், தீங்காவும் இருக்கலாம். மருந்து ஒண்ணுதான், நோய் ஒண்ணுதான், ஆனா எந்த நிலைல இருக்கற நோயாளிங்கறத விட்டுட்டு "டெக்சா வேலை செய்யுது"ன்னு ஒரே வரில சொன்னா லேசான காய்ச்சல்ல வீட்ல இருக்கறவருக்கும் போய்ச் சேந்துடும். உங்க முன்னாடி இருக்கற ஆள் அந்த ட்ரையல்ல எந்தக் குழுவுல இருந்திருப்பார்னு கேட்டுப் பாருங்க, அது ரொம்ப முக்கியம்.

கேள்வி: டெஸ்ட் ரிசல்ட் நார்மலுக்கு வந்துடுச்சுன்னா மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பதில்: ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு இதயத்துல கூடுதல் துடிப்புகள் வரும், அது இருக்கறவங்க இறக்கற வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சிருந்தது. அப்போ அந்தத் துடிப்ப அடக்கினா உயிர் பிழைப்பாங்கன்னு நினைச்சாங்க, கேக்க நியாயமாத்தான் இருக்கு. என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடுன்னு ரெண்டு மருந்து, ஈசிஜில துடிப்பு அழகா அடங்குச்சு. காஸ்ட்னு ஒரு ட்ரையல்ல டம்மி மாத்திரையோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, 1991-ல வந்த கணக்குப்படி மருந்து எடுத்த 755 பேர்ல 63 பேர் இறந்திருந்தாங்க, டம்மி எடுத்த 743 பேர்ல 26 பேர். ஈசிஜி நல்லா ஆச்சு, ஆள் இறந்துட்டாங்க! அந்த ட்ரையல் நடக்காம இருந்திருந்தா டாக்டர்கள் நல்ல மனசோடயே தொடர்ந்து கொடுத்துட்டு இருந்திருப்பாங்க, அத நினைச்சா எனக்கு இன்னமும் பதறும். சர்க்கரை, கொழுப்பு, எலும்பு அடர்த்தி எல்லாமே பயனுள்ள அளவுகள்தான், ஆனா கட்டுரைல அத மட்டும் அளந்திருந்தாங்கன்னா, நோயாளி அதிக நாள் வாழ்ந்தாரா, நல்லா நடமாடினாரா, எலும்பு முறிஞ்சுதாங்கற கேள்விக்கு இன்னும் பதில் வரலன்னு எடுத்துக்கோங்க.

கேள்வி: பிசியோதெரபில ரொம்ப வருஷ அனுபவம். இப்போ வர்ற பசங்க எல்லாத்துக்கும் "ஆதாரம் என்ன"ன்னு கேக்கறாங்க. அப்போ எங்க அனுபவம்?

பதில்: அனுபவத்த தூக்கிப் போடச் சொல்லி யாரும் சொல்லலங்க. ஆதாரம் சார்ந்த மருத்துவம்னா என்னன்னு டேவிட் சாக்கெட்ங்கற டாக்டரும் கூட இருந்தவங்களும் 1996-ல எழுதின விளக்கத்துலயே மருத்துவரோட திறமையும் வெளியில கிடைக்கற நல்ல ஆதாரமும் சேந்துதான் முடிவுன்னு இருக்கு, நோயாளி என்ன விரும்பறாருங்கறதும் அதுக்குள்ள வருது. ஆனா அனுபவத்துல ஒரு ஓட்டை இருக்கு, குணமானவங்க திரும்ப வந்து சொல்லுவாங்க, குணமாகாதவங்க வேற இடத்துக்குப் போயிடுவாங்க, அவங்க நம்ம கணக்குல வர்றதே இல்ல. தானா சரியாகற முதுகு வலியும் நம்ம கை பட்டு சரியான மாதிரிதான் தெரியும். உங்க துறைக்குன்னே பெட்ரோன்னு இலவச டேட்டாபேஸ் இருக்கு, ட்ரையல் ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க் போட்டு வச்சிருக்காங்க. பசங்கள கூட உக்கார வச்சுக்கிட்டே தேடுங்க.

கேள்வி: ஏஐ கிட்ட கேட்டா அஞ்சு செகண்ட்ல பத்து ரெஃபரன்ஸ் தருது. பயன்படுத்தலாமா?

பதில்: இணைச் சொற்கள் யோசிக்க பயன்படுத்துங்க. ரெஃபரன்ஸ நம்பாதீங்க, சில சமயம் இல்லாத கட்டுரைக்கு ஜர்னல் பேர், வருஷம், பக்கம் எல்லாம் போட்டுக் கொடுக்கும். ஒவ்வொண்ணையும் பப்மெட்ல தேடி கண்ணால பாத்துட்டு அப்புறம் எழுதுங்க. அங்க போனா இன்னொரு லாபம், கட்டுரைய வாபஸ் வாங்கியிருந்தா மேலயே எச்சரிக்கை இருக்கும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் கட்டுரை, வெறும் 12 குழந்தைகள வச்சு எழுதினது, 2010-லதான் வாபஸ் ஆச்சு, இன்னிக்கும் அத ஆதாரமா காட்டறவங்க இருக்காங்க.

கேள்வி: நான் மருத்துவத் துறை இல்ல. அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. என்னால இதெல்லாம் படிச்சுப் புரிஞ்சுக்க முடியுமா?

பதில்: முடியும்பா. காக்ரேன் ரிவ்யூ ஒவ்வொண்ணுக்கும் எளிய மொழில ஒரு சுருக்கம் இருக்கும், சிலதுக்கு தமிழ்லயே கிடைக்குது, பணம் கட்ட வேண்டாம். அதுல ஆதாரத்தோட உறுதி உயர்வா, மிதமா, குறைவா, மிகக் குறைவான்னு போட்டிருக்கும், அந்த வரிய விடாம படிங்க. அப்புறம் டாக்டர்கிட்ட போறப்போ மூணு விஷயம் கேளுங்க: அம்மா வயசுல அம்மா மாதிரி 100 பேருக்கு இத செஞ்சா எத்தன பேருக்கு நல்லா ஆகுது, எத்தன பேருக்கு சிக்கல் வருது, ஆபரேஷன் செய்யாம பொறுத்திருந்தா என்ன ஆகும். பதில அங்கயே எழுதிக்கோங்க, அம்மாவையும் கூட உக்கார வைங்க, அவங்களுக்கு எது முக்கியம்னு அவங்கதான் சொல்லணும்.