வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிலம்? லேண்ட்கேர் குழுக்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 12 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். அக்கம்பக்கத்தார் லேண்ட்கேர் குழுவில் சேரச் சொல்கிறார்கள். இது அரசு அமைப்பா? விவசாயம் தெரியாத நாங்கள் சேரலாமா?

பதில்: அரசு அமைப்பு இல்லை. ஒரே ஓடையை, ஒரே மலைச்சரிவைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் நிலக்காரர்கள், மண்ணையும் நீரையும் காக்கத் தாங்களாகச் சேர்ந்து நடத்துவது. அரசிடமிருந்து மானியம் கிடைக்கும், அவ்வளவுதான். முதல் குழு 1986-இல் விக்டோரியாவின் செயின்ட் ஆர்னாட் ஊருக்கு அருகே வின்ஜாலோக்கில் தொடங்கியது. அப்போது மாநில அமைச்சராக இருந்த ஜோன் கெர்னரும், விக்டோரிய விவசாயிகள் கூட்டமைப்பின் தலைவர் ஹெதர் மிட்செலும் இதற்காகக் கைகோத்தார்கள். 1989-இல் பிரதமர் பாப் ஹாக் அடுத்த பத்தாண்டையே லேண்ட்கேருக்கு என்று அறிவித்தார். தாராளமாகச் சேருங்கள். உங்கள் 12 ஏக்கரில் விளையும் களை விதை சுற்றியுள்ள எல்லா நிலத்துக்கும் போகும் என்பதால், நீங்கள் வருவது அவர்களுக்கும் தேவை.

கேள்வி: மேய்ச்சல் நிலத்தின் தாழ்வான மூலையில் உப்புப் பூக்கிறது. மரம் நட்டால் பட்டுப்போகிறது. குழுவால் என்ன செய்ய முடியும்?

பதில்: உப்பு தெரிவது உங்கள் மூலையில். அதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே, மேட்டு நிலத்தில் இருக்கும். முன்பு அங்கே ஆழ வேர்விட்ட மரங்கள் மழைநீரைக் குடித்துவிடும். அவற்றை வெட்டிக் கோதுமையும் ஓராண்டுப் புல்லும் போட்டபின், மிச்ச நீர் கீழே இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தியது. மண்ணுக்குள் காலகாலமாகக் கிடந்த உப்பைக் கரைத்துக்கொண்டு அது தாழ்வான இடத்தில் மேலே வருகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும்.

நன்றாகக் கவனித்தால் முன்னமே தெரியும். முதலில் கிளோவர் என்ற தீவனச் செடி காணாமல் போய், பார்லிப் புல் வரும். ஆடுகள் அந்த இடத்தில் நின்று மண்ணை நக்கும். வெள்ளைப் படலம் வருவது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஆகவே மேட்டில் மரமும் குதிரைமசாலும் போட வேண்டும். கீழே வேலி போட்டு, ஆடுமாடு புகாமல், உப்பைத் தாங்கும் புல்லை வளர்க்க வேண்டும். அந்த மேடு வேறொருவர் நிலமாக இருந்தால்? அதற்குத்தான் குழு. எல்லாரும் சேர்ந்து வரைபடத்தை விரித்து, நீர் எங்கே இறங்குகிறது, எங்கே வெளிவருகிறது என்று பார்த்தபின் மானியத்துக்கு எழுதுங்கள். பலன் தெரியப் பல வருடம் ஆகும். அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வருடாவருடம் முயலுக்கு விஷம் வைக்கிறோம். திரும்பவும் வந்துவிடுகிறதே?

பதில்: வளை அப்படியே இருக்கிறதே, வராமல் என்ன செய்யும்? 1859-இல் விக்டோரியாவின் பார்வன் பார்க் பண்ணையில் விட்ட முயல்கள் கண்டத்தையே நிரப்பின. முயலைக் கொல்லும் நோய்க்கிருமிகளான மிக்ஸோமா வைரஸ் 1950-இல், கலிசி வைரஸ் 1995-இல் என்று வந்தும் ஒழியவில்லை. கோடை முடிவில், எண்ணிக்கை குறைந்து தீனியும் இல்லாத நேரத்தில் விஷம் வையுங்கள். உரிமம் உள்ளவர்தான் வைக்க வேண்டும். அப்புறம் டிராக்டரால் வளையை ஆழமாக, குறுக்கும் நெடுக்குமாக, வெளி வாயிலுக்கும் சில மீட்டர் தள்ளியே தொடங்கிக் கிழித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும் வளைகளுக்குள் நச்சுப் புகை விடுங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். நடுவில் ஒரு பண்ணை விட்டுப்போனால், முயல் அங்கிருந்தே மறுபடி பரவும்.

கேள்வி: பக்கத்து நிலக்காரர் வெளியூரில் இருக்கிறார். கூப்பிட்டாலும் வருவதில்லை.

பதில்: கூட்டத்தில் அவரைக் குறைசொல்லாதீர்கள். அது அவர் காதுக்குப் போய்விடும். "நாங்கள் ஒப்பந்தக்காரரை அழைத்து வருகிறோம், உங்கள் நிலத்தையும் சேர்த்துச் செய்யலாமா, செலவில் உங்கள் பங்கு இவ்வளவு" என்று எழுதிக் கேளுங்கள். பலர் சரி என்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நேரமில்லையே தவிர மனமில்லாமல் இல்லை. களையையும் முயலையும் கட்டுப்படுத்துவது நிலக்காரரின் கடமை என்று விக்டோரியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். சட்டத்தைக் காட்டி வரவழைத்த ஆள் அடுத்த வேலைக்கு வரமாட்டார்.

கேள்வி: ஓடைக்கரையில் கன்று நட எது நல்ல மாதம்?

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை. முதலில் வேலி, மாட்டுக்கு வேறிடத்தில் தண்ணீர்த் தொட்டி, புல்லை ஒழிப்பது. கன்று அதற்கப்புறம்தான், அதுவும் அந்தப் பகுதி விதையில் முளைத்ததாக இருக்கட்டும்.